மோதிரம் தட்டும் சத்தம்

ஆண்டு விழா என்றாலே எங்கள் பள்ளியில் அட்டைக் குடம் வெளியே வந்துவிடும். பெண் பிள்ளைகள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நாணிக் கோணி வரவேண்டும், பையன்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரே குதிக்க வேண்டும். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற பள்ளி. நான் போத்தனூரிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிற டான்ஸ் மிஸ். வருடா வருடம் அந்தக் குடத்துக்குத் தங்கக் காகிதம் ஒட்டி ஒட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் இடுப்பில் குடம் சுமந்து நான் பார்த்ததே இல்லை. எல்லா வீட்டிலும் மோட்டார் இருக்கிறது.

"இந்த வருசம் குடம் வேண்டாமுங்க மேடம்" என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவருக்கு என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் குரல் மைதானம் வரைக்கும் கேட்கும்.

"செரிங்க மிஸ், என்னமோ பண்ணுங்க. பாக்க நல்லா இருந்தாப் போதும்" என்றார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். காலையில் வீட்டில் ஒருவரைக் கவனிக்க வேண்டும். பையன்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரை, பெண் பிள்ளைகள் ஆண்களில் ஒருவரை. பார்த்ததில் ஒரே ஓர் அசைவை எடுத்துக்கொண்டு வந்து ஆடிக் காட்ட வேண்டும். வேஷம் கிடையாது, வசனம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கறுப்பு பனியன், கறுப்பு பேன்ட்.

மறுநாள் பையன்கள் வெறுங்கையோடு வந்தார்கள். "அம்மா ஒண்ணுமே பண்ணலைங்க மிஸ், சும்மா சமைச்சுட்டு இருந்தாங்க" என்றான் ஒருவன். இன்னொருவன் எங்கிருந்தோ ஒரு துப்பட்டாவைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு இடுப்பை வெட்டி வெட்டி நடந்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"உங்கம்மா இப்படித்தான் இடுப்பை ஆட்டிட்டு தோசை சுடறாங்களா? நாளைக்கு அவங்களையே கூட்டிட்டு வா. அவங்க முன்னால ஆடிக் காட்டு."

சிரிப்பு அடங்கியது. துப்பட்டா போன இடம் தெரியவில்லை. இன்னொரு முறை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இந்தத் தடவை அதே பையன் முன்னால் வந்து நின்றான். இரண்டு கை விரல்களையும் விரித்து எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு குனிந்து, முன்கையால் நெற்றி முடியை மெல்ல ஒதுக்கினான்.

"கையெல்லாம் மாவுங்க மிஸ். அதானுங்க" என்றான்.

எத்தனையோ வருடங்களாகப் பிள்ளைகளுக்குக் கை முத்திரை பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவ்வளவு உண்மையான கையை நான் பார்த்ததில்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் தலைக்கனம் ஏறிவிடும் என்று, "ம், பரவாயில்ல, போய் உக்காரு" என்றேன்.

பெண் பிள்ளைகள் அப்பாக்களைக் கொண்டுவந்திருந்தார்கள். பைக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து ஸ்டார்ட் செய்கிற அப்பா, கண்ணாடி முன்னால் மீசையைத் தடவிப் பார்க்கிற அப்பா, ஈரத்துண்டைப் பார்க்காமலே கட்டிலில் வீசுகிற அப்பா. கடைசியாக வந்தவள் அதிகம் பேசாத பெண். வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. என்னுடைய நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டாள். இடது கையில் போன் இருப்பதுபோல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். வலது கையின் மோதிர விரலை மடக்கி நாற்காலிக் கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினாள். உடனே உள்ளங்கையை விரித்து நீட்டினாள். தலை திரும்பவே இல்லை. காப்பி டம்ளர் வந்து உட்கார்ந்தே தீரும் என்பதுபோல் கை காத்திருந்தது.

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அப்பா மோதிரத்துல அப்படித்தானுங்க தட்டுவாரு. அம்மா எங்க இருந்தாலும் 'இதா வாரனுங்க'ன்னு ஓடி வருவாங்க. அம்மா ஊட்டுல இல்லீன்னா நான் போகோணும். இப்ப அண்ணனும் தட்டறானுங்க மிஸ். அவனுக்கு மோதிரங்கூட இல்லைங்க, பேனாவுல தட்டறான்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "வாயில சொன்னா வையுவாங்க. மேடையில ஆடுனா அப்பா பாத்துத்தானுங்க ஆகோணும்? பாத்தா அவருக்கே புரிஞ்சுபோயிருமுங்க."

அவள் அப்பா எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். தேங்காய் மண்டி வைத்திருப்பவர். வேன் ஓட்டுகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்று பேசுகிற மரியாதைக்காரர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டமே நின்றுவிடும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மொத்த நடனத்தையும் அவளுடைய அந்த இரண்டு தட்டைச் சுற்றித்தான் அமைத்தேன். பையன்கள் மாவு அரைப்பதும் பெருக்குவதும் துவைத்துப் பிழிவதுமாகச் சுழல்வார்கள். நடுவில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் தட்டியதும் இசை நின்றுவிடும். எட்டு எண்ணும் வரை அந்தக் கை வெறுமனே நீண்டிருக்கும். பிறகுதான் மாவுக்கைப் பையன் டம்ளரோடு ஓடிவருவான்.

விழாவுக்கு முந்தின வாரம் அவள் அப்பா ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க மிஸ், பொம்பளப் புள்ளைகளக் கால்மேல கால் போட்டு உக்கார வெச்சு, பசங்கள ஊட்டு வேலை செய்ய வெக்கறீங்களாமா? நாலு பேரு என்றகிட்டக் கேக்கறாங்க. ஊரே சிரிக்காதுங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டுமுங்க. நீங்க உக்காந்து ஒருக்கா பாருங்க. அப்பறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்று நாற்காலியைப் போட்டேன். அவர் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இசையைப் போட்டேன்.

மகள் தட்டினாள். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு எழுந்தார். நான் சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் நேராக மகளிடம் போனார்.

"அம்மணி, போனு வலது கைல. தட்டறது இடது கைதான். மோதரம் இதுலதான இருக்குது?" என்று கையை நீட்டிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "அப்பன அப்படியே உரிச்சு வெச்சுட்டா, பாத்தீங்களா! ஆடட்டுமுங்க, ஆடட்டும்."

அவர் போனபின் அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அப்பாவுக்குப் புரியிலீங்க மிஸ்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"மேடையில புரியும்" என்றேன்.

"புரியலீன்னா?"

"புரியும். நான் சொல்றேன்ல? கையை மாத்தி இன்னொரு தடவை ஆடு." அந்த அசைவு பொய் சொல்லாது என்று மட்டும் நம்பினேன்.

விழா நாளில் சாமியானா நிரம்பியிருந்தது. முன்வரிசையில், சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் அப்பா. மூன்றாவது வரிசையில், பெண்கள் பக்கம், பட்டுப்புடவையில் அம்மா. நாற்காலிக்குப் பக்கத்தில் மைக்கை நானே நகர்த்தி வைத்தேன். தட்டு சரியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் எண்ணம், வேறு எந்தச் சூதும் இல்லை.

பையன்கள் பெருக்க ஆரம்பித்ததும் பின்னால் விசில் பறந்தது. சிரித்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தப் பையன் முன்கையால் முடியை ஒதுக்கியபோது பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி, "ஏனக்கா, பாரேன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

பிறகு அவள் தட்டினாள். ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. டொக், டொக். இசை நின்றது. உள்ளங்கை விரிந்து நீண்டது.

"இதா வாரனுங்க!"

மூன்றாவது வரிசையிலிருந்து வந்த குரல். அவளுடைய அம்மா எழுந்து நின்றிருந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கூட ஆகிவிட்டது. ஓர் அடி எடுத்து வைத்தபிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. சாமியானாவே அதிர்கிறமாதிரி சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய கையை எடுக்கவே இல்லை. முதலில் பெண்கள் பக்கம் அடங்கியது, பிறகு ஆண்கள் பக்கமும் அடங்கியது.

மேடை ஓரத்தில் டம்ளரோடு நின்ற பையன் என்னைப் பார்த்தான். எட்டு எண்ணி முடித்தாயிற்று. போகாதே என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அவள் கை நீண்டபடியே இருந்தது. தலையைத் திருப்பவே கூடாது என்று நான்தான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அவள் திருப்பினாள். அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் என்ன ஆடினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்பாதான் நன்றியுரை. பந்தல் போட்டவர் முதல் சிறப்பு விருந்தினர் வரை எல்லோருக்கும் நன்றி சொன்னார். நடனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டே பேசினார். தலைமை ஆசிரியை என் காதருகே வந்து, "அடுத்த வருசம் குடமே வெச்சுக்கலாமுங்க மிஸ்" என்றார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் டான்ஸ் அறை வாசலில் நின்றாள். திட்டு விழுந்திருக்குமோ என்று எழுந்து வாசலுக்கே போனேன். என்ன ஆச்சு என்றேன்.

"அப்பா காலைல தட்டவே இல்லைங்க மிஸ்."

"அப்பறம்?"

"அம்மா காப்பியக் கலந்து போசிப் பாத்திரத்துலயே வெச்சுட்டு, தட்டுவாரு தட்டுவாருன்னு அடுப்படியில நின்னாங்க. அப்பா தட்டாம உக்காந்தே இருந்தாரு. காப்பி ஆறியே போச்சுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "உங்க அண்ணன்?"

"பேனாவத் தூக்குனானுங்க. அப்பா ஒரு பார்வை பாத்தாரு. கீழ வெச்சுட்டான்." அவளும் லேசாகச் சிரித்தாள். "பொறவு அப்பாவே எந்திரிச்சு உள்ள வந்தாருங்க. போசியில காப்பி இருக்குது, டம்ளர் எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியிலீங்க. ஒவ்வொரு அலமாரியாத் தெறந்து பாத்தாரு. அது அவரே கட்டுன ஊடுங்க மிஸ்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா எடுத்துக் குடுக்கப் போனாங்க" என்றாள் அவள். "நான் அம்மா கையைப் புடிச்சுக்கிட்டேனுங்க."