நிறுத்துகிறவனும் எடுக்கிறவனும்

அந்த ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் சீட்டு கொடுக்கும் வழக்கமே இல்லை. எல்லோரும் 'பார்க்கிங் அண்ணன்' என்று கூப்பிடும் ஒரே ஆள், சாவியை வாங்கி வண்டியை உள்ளே கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் முகத்தைப் பார்த்தாலே போதும், எந்தத் தளம், எந்தத் தூண் என்று யோசிக்காமல் அவர் கால் போய்விடும். "சீட்டா? அது மறதிக்காரங்களுக்கு" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒருநாள் வாசலில் ஏறி இறங்கும் தடுப்புக் கம்பி, கார் போய்விட்டதென்று நினைத்து, அவர் தலையில் இறங்கிவிட்டது.

காயம் ஆறிவிட்டது. ஆனால் இன்று நிறுத்திய வண்டியைத் தேடி அவர் நேற்று நிறுத்திய இடத்துக்குப் போக ஆரம்பித்தார். சில நாள் போன மாதத்துக்கே போனார். பல் டாக்டரை யாரோ ஒருவருடைய வெள்ளைக் காரில் ஏற்றிவிட்டார். டாக்டரும் போன் பேசிக்கொண்டே கடைவீதிவரை போய்விட்டார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த யாருடைய மாமியாரோ இருமிய பிறகுதான் வண்டி திரும்பியது.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "திங்கக்கிழமை சீட்டு மிஷின் வருது அண்ணே. நீங்க தோட்டத்துக்குத் தண்ணி விடப் போயிடுங்க."

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "நல்லதாப் போச்சு. செடி நின்ன இடத்துலயே நிக்கும்."

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றவா இத்தனை வருஷம் அத்தனை தூணையும் மனசில் நட்டு வைத்தார்?

மறுநாள் மேல்மாடி மூளை டாக்டரம்மாவைப் பிடித்தார். மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் விளக்கினார்.

"மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் கடற்குதிரை மாதிரி வளைஞ்ச ஒரு உறுப்பு இருக்குண்ணே. அதுல ஒரு பகுதி, ஒரே மாதிரி இருக்கற நாளையெல்லாம் தனித்தனியாப் பிரிச்சுப் பதிக்கும். பக்கத்துப் பகுதி, ஒரு சின்னத் துணுக்கு கிடைச்சாலே முழு ஞாபகத்தையும் இழுத்துட்டு வந்துடும்."

"அப்ப உள்ளயும் ஒருத்தன் நிறுத்துறான், ஒருத்தன் எடுத்துட்டு வர்றான்?"

"அதேதான். எடுக்கறவன் சுறுசுறுப்பா இருக்கான். நிறுத்துறவன்தான் அசந்துட்டு, எல்லா வெள்ளைக் காரையும் ஒரே இடத்துல அடுக்கறான்."

"அவனை எழுப்ப முடியாதா?"

"கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் வித்தியாசமா ஏதாவது நடந்தா தனியாப் பதியும்."

டாக்டரம்மா என்ன நினைத்துச் சொன்னாரோ, அண்ணன் மறுநாள் காலை வாசலில் கையை நீட்டி எல்லாக் காரையும் மறித்தார். "சாவியக் கொடுங்க. கூடவே வேற யாரும் பண்ணாததா ஒண்ணு பண்ணிட்டுப் போங்க."

முதலில் முறைத்தார்கள். பின்சீட்டு மாமியாரை நினைத்துக்கொண்ட பல் டாக்டர்தான் முதலில் சேவல் மாதிரி கூவினார். மருந்துக்கடை அம்மா செருப்பைத் தலையில் வைத்துச் சல்யூட் அடித்தார். எலும்பு டாக்டர் மூட்டு வலியோடு தவளையாகத் தாவினார். சாயங்காலம் ஒரு கார்கூடத் தப்பவில்லை. "சேவல், மூணாவது தளம், தண்ணிக் குழாய் ஓரம்!" என்று அண்ணன் ஓடினார்.

மேனேஜர் மட்டும், "இது ஆஸ்பத்திரியா, சர்க்கஸா?" என்று சாவியை வீசிவிட்டுப் போயிருந்தார். அவர் காரைத்தான் காணவில்லை. இருவரும் தளம் தளமாக ஏறி இறங்கினார்கள்.

"எங்கய்யா வச்சே?"

"நீங்க ஒண்ணுமே பண்ணலையே சார். நீங்க வந்தது நேத்தா இன்னிக்கான்னே எனக்குத் தெரியலை."

மேனேஜர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை மிஷின் லாரியில் வந்து வாசலில் நின்றது. இறக்க வந்தவர்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். மேனேஜர் தன் மச்சினன் காரை இரவல் வாங்கி ஓட்டிவந்து இறங்கினார். லாரியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அக்கம்பக்கம் ஒருமுறை நோட்டம் விட்டார். பிறகு பையைக் கீழே வைத்து, குந்தி, ஒரு தாவு தாவிவிட்டுச் சாவியை நீட்டினார்.

அண்ணன் சாவியை வாங்காமல் தலையைச் சொறிந்தார்.

"தவளைய எலும்பு டாக்டர் பண்ணிட்டாரு சார். வேற ஏதாவது பண்ணுங்க."

மேனேஜர் லாரிக்காரர்களைப் பார்த்து, "கொஞ்சம் இருங்கப்பா, யோசிக்கறேன்" என்றார்.