மாவுச் சட்டிக்கு வழிவிட்ட மருந்து

எக்ஸ்ரே வைத்து மருந்தை ஆராய்கிறவர்கள் அதை வெளியில் சொல்லவே கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்று, இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்குத் தெரியாததா?

முழங்கால்

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. வீடு ஆவடி குவார்ட்டர்ஸில். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து, அவற்றின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சுவோம். கதிர் சிதறும் விதத்தை வைத்துக் குமிழி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்போம். இதைப் பக்கத்து வீட்டு சரோஜாக்காவுக்குப் பொறுமையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு முழங்காலைக் காட்டினார்.

"அத்த வுடு. இதுக்கு ஒரு படம் புட்ச்சிக் குடு, மாடி ஏற முடில."

மஞ்சள் கரு

குமிழிக்கான கொழுப்பை முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுப்போம். தட்டுத் தட்டாக வாங்கியதால் பாடியில் முட்டைக்கடை வைத்திருந்த பாய் என்னை பேக்கரிக்காரி என்றே நினைத்திருந்தார். உண்மையைச் சொன்னதும் ஆளுக்கு மனசே கேட்கவில்லை.

"இம்மாம் முட்டைய ஒடச்சு ஒரு சொட்டு மருந்தா? அதுக்கு நோயாளிக்கு ரெண்டு ஆம்லெட் போட்டுக் குடுக்கலாமேம்மா!"

ஃப்ரிட்ஜ்

பம்பாய் அணு உலையில் நியூட்ரான் கதிரால் சோதிக்க இரண்டு நாள் ஒதுக்கினார்கள். கோட்டைவிட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ, எங்கள் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருந்தது. ரயில் ஞாயிறு காலை; அன்று ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். அதனால் முந்தின நாளே மருந்துக் குமிழி நிரப்பிய இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து, என் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாததால், சரோஜாக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மருந்து குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்தால் குமிழி உடைந்துவிடும். காலையில் திறந்தால் ஒரு புட்டி ஃப்ரீசரில் கல்லாகக் கிடக்கிறது. அதன் இடத்தில் இட்லி மாவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாவு பொங்கிடும்னு கீய வெச்சேன். உன் புட்டி மேல சில்லுனு தானே கீது, இன்னாத்துக்கு அழுவுற?"

மேடு

வேறு வழியில்லாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பம்பாயில் நல்ல புட்டியின் வரைபடத்தில் அழகாக ஒரு மேடு வந்தது. "இது குமிழியால் வந்ததுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார் அங்கிருந்த விஞ்ஞானி. கடைசியில் அந்த உறைந்து உருகிய புட்டியையும் வைத்துப் பார்த்தோம். குமிழி உடைந்ததில் மேடு படுத்துவிட்டது. அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஒப்பிட்டுப் பார்க்க உடைந்த குமிழியும் வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஊருக்கு வந்ததும் வராததுமாக சரோஜாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் உறையவைத்த புட்டிதான் எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னேன்.

"அப்டீனா இனிமே ஒண்ண மேலயே வெச்சுட்றேன். மாவுக்கும் எடமாச்சு."

அதற்குப் பிறகு எங்கள் ஆராய்ச்சி பாதி அம்பத்தூரிலும் பாதி இட்லி மாவுக்கு மேல்தட்டிலும் சௌக்கியமாக நடந்தது. முழங்கால் படம் மட்டும் இன்னும் பாக்கி.