ஜோசப்பைக் காணவில்லை

நடப்பதற்குக் காசு கொடுத்திருக்கிறீர்களா? நான் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லண்டனில் லூயிஷாம் ஸ்டேஷன் படிகளில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். பின்னால் வந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, “ஆர் யூ ஆல் ரைட்?” என்று கேட்டுவிட்டு என்னை முந்திக்கொண்டு போனாள். ஐந்து நாள் ஆஸ்திரிய மலைகளை ஏறி இறங்கி வென்று வந்த வீரனின் நிலைமை அது.

வழிகாட்டியோடு மலைநடை... இப்போது இதுதான் பாஷன். காலையில் ஒரு மலைக்குடிலிலிருந்து கிளம்ப வேண்டும். நாள் முழுக்க மூச்சு வாங்க வேண்டும். பின்னேரம் அடுத்த குடிலில் போய் விழ வேண்டும். மறுநாளும் அதே கூத்து. ஐந்தாம் நாள் எங்கே போய்ச் சேர்கிறோம்? புறப்பட்ட ஊருக்கு அடுத்த ஊருக்கு. பஸ்ஸில் இருபது நிமிடம். நான் டைம்டேபிளைப் பார்த்துவிட்டேன்.

புறப்படுமுன் கம்பெனிக்காரர் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். இரண்டு கைத்தடிகள், வியர்வையை உறிஞ்சும் பெனியன், படுக்கும்போது உள்ளே நுழைந்துகொள்ள மெல்லிய பட்டில் ஓர் உறை. கல்யாணத்துக்குக் கூறை எடுத்ததற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பட்டு வாங்கவில்லை. இப்போது நான் குறட்டை விடுவதற்குப் பட்டு.

பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். யோகு அண்ணையால்.

யோகநாதன் என்பது முழுப்பெயர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். செவன் கிங்ஸில் வீடு, டைல்ஸ் பதிக்கும் வேலை. ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு மாறியவர். இந்த ஏப்ரல் முழுக்க வேலையை விட்டுவிட்டு, போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்ற வாசலில் நின்றார். மே மாதத்தில் வன்னியில் எல்லாம் முடிந்தது. அன்றைக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. டிவி கூடப் போடுவதில்லை. போடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய மகள் துர்காதான் இதை புக் பண்ணினாள். “அங்கிள், அப்பா ஜஸ்ட் சிட்ஸ் தேர். நடந்தா ஓகே ஆயிடுவார். நீங்கள் கூடப் போங்கோ, ப்ளீஸ்.” அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்று பெரிய மனிதன் மாதிரி வாக்கும் கொடுத்தேன்.

நாங்கள் எட்டுப் பேர். வழிகாட்டியின் பெயர் ஊர்ஸ். சிரிக்காத மனிதன், மலையாட்டின் கால். மற்றவர்கள் ரிட்டையர் ஆன ஆங்கிலேயர்கள். அவர்களில் டேவிட் என்பவர் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். யாரும் கேட்காமலே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அறிவிப்பார்.

முதல் குடில். வாசலில் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, யார் யாரோ போட்டுத் தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே சூப். மேல்மாடியில் நீளமாக ஒரு பலகை, அதன்மேல் வரிசையாக மெத்தை, பன்னிரண்டு பேர் தோளோடு தோள் முட்டக் கிடக்க வேண்டும். சுடுதண்ணீர் கிடையாது. பத்து மணிக்கு லைட் அணைந்துவிடும்.

“ஃபென்டாஸ்டிக், இல்லையா?” என்றார் டேவிட்.

யோகு அண்ணை அந்தப் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எண்பத்தாறிலை ஜெர்மன் அகதிக் காம்பிலை இதே சூப், இதே பலகைதான். அங்கை சுடுதண்ணியும் தந்தவங்கள்” என்றார்.

மே மாதத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டேவிட் விடவில்லை. இப்படி மலையில் முன்பு நடந்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரே ஒரு தரம், இதே மலைகளில்தான், இத்தாலியிலிருந்து இந்தப் பக்கம் வந்தேன் என்றார் யோகு அண்ணை. எந்தக் கம்பெனி என்று டேவிட் ஆவலாகக் கேட்டார்.

“அந்தக் கம்பெனி இப்ப இல்லை” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அண்ணை சூப்பைக் குடித்தார்.

கம்பெனி என்றால் ஆட்களைக் களவாக எல்லை தாண்டவைக்கும் ஏஜென்சிக்காரன். வாசகர்களில் பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவனும் முன்னால் நடந்தான், இவர்கள் பின்னால் நடந்தார்கள். ரப்பர் செருப்போடு. பட்டு உறை இல்லை. அதற்கு யாரும் அட்வெஞ்சர் என்று பெயர் வைக்கவும் இல்லை.

இனித்தான் விஷயம். ஒவ்வொரு குடிலிலும் ஒரு தடித்த பதிவேடு இருக்கும். தங்குகிறவர் ஒவ்வொருவரும் தம் கையால் எழுத வேண்டும்: பெயர், எங்கேயிருந்து வருகிறீர்கள், நாளைக்கு எந்த வழியால் எங்கே போகிறீர்கள். ஊர்ஸ் இதை மட்டும் இரண்டு தரம் சொன்னான். மலையில் ஆள் தவறினால் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் தேடுவார்கள்.

நான் என் பெயரை மணிமணியாக எழுதினேன். எனக்குப் பிறகு யோகு அண்ணை பேனாவை வாங்கினார். எட்டிப் பார்த்தேன். ‘பிரான்சிஸ் ஜோசப், பர்மிங்காம்.’ போகும் இடமோ நாங்கள் போகாத ஏதோ ஓர் ஊர்.

“ஆர் அண்ணை இந்த ஜோசப்?”

“நான் வந்த பாஸ்போட்டின்ரை பேர். மன்னார்ப் பொடியன் ஒருத்தன்ரை.” குரலைத் தாழ்த்தினார். “நீரும் விசரன் மாதிரி உள்ளதை எழுதி வைச்சிருக்கிறீர். இப்பிடிப் புத்தகங்களிலை ஆரும் உண்மைப் பேர் எழுதுறதே?”

சிரித்தேன். ஆம், சிரிப்பாகத்தான் இருந்தது. நெற்றியில் திருநீறு பூசாமல் வீட்டு வாசல் தாண்டாத மனிதர், மலைமேல் மட்டும் ஜோசப். எங்கள் ஆட்களின் கோணல் புத்திக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? கதவு மணியில் பெயர் ஒட்டமாட்டோம். போன் மெசினில் குரல் பதியமாட்டோம். ஆஸ்பத்திரி கிளார்க் விலாசம் கேட்டால், ஏன் கேட்கிறாள் என்று யோசித்துவிட்டுத்தான் சொல்வோம். இதைப் பற்றியே பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுதிக் கிழிக்கலாம் என்று மனதுக்குள் குறித்தும் வைத்தேன். எழுதுகிறவனுக்கு மற்றவன் புத்தியைக் கிழிப்பதென்றால் தனிச் சுகம்.

மூன்றாம் நாள் காலை அண்ணையின் குதிகாலில் கொப்புளம் உடைந்து இரத்தம். ஊர்ஸ் பார்த்துவிட்டு, நாங்கள் உச்சி வழியாகப் போகிறோம், நீங்கள் கீழ்ப்பாதையால் மெதுவாக வாருங்கள், மாடு போகும் பாதை, இரண்டு மணி நேரத்தில் அடுத்த குடிலுக்கு வந்துவிடலாம் என்றான். அண்ணைக்கு ஜெர்மன் பாஷை தண்ணீர் பட்ட பாடு, பயமில்லை. “புத்தகத்தில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்” என்றும் சொன்னான்.

நாங்கள் மூன்று மணிக்கு அடுத்த குடிலை அடைந்தபோது பனிப்புகார் இறங்கியிருந்தது. வாசலிலிருந்து கொடிக்கம்பம் தெரியவில்லை. யோகு அண்ணை வந்திருக்கவில்லை. அவருக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை; ரோமிங் செலவுக்குப் பயந்து அணைத்து வைத்திருப்பார். நான்கு மணிக்குப் பனியும் மழையும் கலந்து அடிக்கத் தொடங்கியது.

ஊர்ஸ் பழைய குடிலுக்குப் போன் பண்ணினான். அங்கிருந்தவர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: இங்கே யோகநாதன் என்று யாரும் இல்லை. பிரான்சிஸ் ஜோசப் என்று ஒருவர் இருக்கிறார். வடக்குப் பக்கம் இறங்கி ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறார்.

எல்லோர் முன்னாலும் நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஜோசப்தான் எங்கள் ஆள்.

ஊர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் நேரத்தை வீணாக்கவில்லை. மீட்புப் படையை அழைத்தான். வடக்கே தேடுங்கள் என்றான்.

“வேண்டாம்” என்றேன். “அவர் வடக்கே என்று எழுதினால் வடக்கே போகமாட்டார்.”

“போகாத இடத்தை ஒரு மனிதன் ஏன் எழுத வேண்டும்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? பிடித்தால் பெயரைச் சொல்லாதே, போகிற திசையைச் சொல்லாதே என்று ஏஜென்சிக்காரன் சொன்னதை ஒருவர் இருபத்துமூன்று வருடமாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார் என்றா? கீழ்ப்பாதையில்தான் இருப்பார் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மீட்புப் படையினர் வடக்கே அரைவாசித் தூரம் இறங்கித் திரும்பி ஏறினார்கள். ஒரு மணி நேரம் அதில் போயிற்று.

ஊர்ஸும் நானும் இந்தப் பக்கத்திலிருந்து கீழ்ப்பாதையில் இறங்கினோம். துர்காவுக்கு என்னவென்று போன் பண்ணுவேன்? உன் அப்பாவை நடக்கவைத்துச் சாகக் கொடுத்துவிட்டேன் என்றா? முதல் நாள் அந்தப் பேரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தவன் நான்தானே. ஊர்ஸின் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும்.

தூரத்தில், பாதையின் மறுமுனையிலிருந்து மீட்புப் படையினரின் சத்தம் கேட்டது. ஒரு நாயும் குரைத்தது. “ஹேர் ஜோசப்... ஹேர் ஜோசப்...” மிஸ்டர் ஜோசப் என்று ஜெர்மனில் கூப்பிட்டார்கள்; பதிவேட்டில் இருந்த பெயர் அதுதானே. பதில் இல்லை. அவர்கள் கூப்பிட்டபடியே கிட்டக் கிட்ட வந்தார்கள். பதிலே இல்லை. ஆள் இருந்தால் கேட்காமல் இருக்காது என்றான் ஊர்ஸ். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்கு விளங்கியது.

நான் கத்தினேன். “யோகு அண்ணை... யோகு அண்ணை...”

பாதைக்கு மேலே, பத்தடி தூரத்தில், ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“ஆரது?”

“நான்தான் அண்ணை.”

“அவங்கள் போயிட்டாங்களே?”

ஐம்பத்தைந்து வயது மனிதர். பாறைக்கும் புதருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். உடம்பெல்லாம் சேறு. உதடு நீலம். புகாரில் வழிக்குறி தெரியாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை சரியான புத்தி. பிறகு நாயோடு, சீருடையோடு, ஜெர்மன் பாஷையில் ஆட்கள் வந்து ஜோசப்பைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஊர்ந்து போய்ப் பாறைக்குப் பின்னால் படுத்துவிட்டார். தன்னைக் காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தார்.

குடிலில் போர்வை சுற்றி உட்காரவைத்து அதே சூப்பைக் கொடுத்தோம். டாக்டரும் போனில் பேசிவிட்டுப் பயமில்லை என்றார். ஊர்ஸ் கோபத்தில் சிவந்திருந்தான். நீ ஜெர்மன் பாஸ்போர்ட்காரன், வரி கட்டியவன், யாருக்குப் பயந்து ஒளிந்தாய் என்று கேட்டான். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“மூளைக்கு உதெல்லாம் தெரியும், ஐசே. காலுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?”

பிறகு போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். மே மாதம் அழாதவர். அரை மணி நேரம் அழுதார். டேவிட் முதல்தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார்.

கடைசிக் குடிலில் அண்ணை பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். முழுப்பெயர், தகப்பன் பெயர், செவன் கிங்ஸ் வீட்டு நம்பர், தெரு, போஸ்ட்கோட், போன் நம்பர் எல்லாம் எழுதினார். அடுத்த ஆளின் இடத்தையும் பிடித்துவிட்டார். ஊர்ஸ் வாசித்துப் பார்த்துவிட்டு முதல் தரமாகச் சிரித்தான். துர்கா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். அண்ணை வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார் என்று பிறகு போனில் சொன்னாள்.

ஆக, திங்கட்கிழமை காலை நான் கீழே முன்னறையில் உட்கார்ந்து, எங்கள் சனம் எப்போது திருந்தும், சொந்தப் பெயரைச் சொல்ல எதற்கு இத்தனை பயம் என்று காரசாரமாக இந்தப் பத்தியைத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதியிருப்பேன். வாசல் மணி அடித்தது. ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் பைல், கவுன்சில் பெண். வோட்டர் லிஸ்டுக்கு வீட்டில் இருப்பவர்களின் பெயர் கேட்டு வருடா வருடம் வருகிறவள்தான். நான் இந்த நாட்டுப் பிரஜையாகிப் பதினைந்து வருடம். ஒவ்வொரு தேர்தலிலும் வோட்டுப் போடுகிறேன்.

மணி மறுபடி அடித்தது. மாடியிலிருந்து மனைவி இறங்கி வந்தாள்.

“பெல் அடிக்குது, திறக்காமல் ஜன்னலுக்குக் கீழை குந்திக்கொண்டு என்ன செய்யிறியள்?”

முழங்கால் உயிர் போகும்படி வலித்தது. “உஸ்... சத்தம் போடாதையும்” என்றேன். “அவ போயிட்டாவோ எண்டு பாரும்.”