மாஷிமாவுக்குச் சொன்ன முடிவு

நேற்று மாலை சால்ட் லேக் வீட்டில் என் மகள் கைபேசியில் ஒரு பழைய தொடரைப் போட்டாள். முகப்பு இசை கேட்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாரம் ஒரு கதை, கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம். சிறுவயதில் அலிப்பூர் குவார்ட்டர்ஸில் எங்களோடு அதைப் பார்க்க, நாங்கள் மாஷிமா என்று கூப்பிட்ட கீழ்வீட்டு வங்காளி அம்மாளும் வருவார். வீட்டைவிட்டுப் போன அவருடைய மகன் திரும்பவே இல்லை.

ஒரு வாரக் கதையில் ஒரு தாய், காணாமல்போன மகனுக்காகச் சாப்பாட்டுத் தட்டோடு காத்திருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் எழுந்தபோது எங்கள் வீட்டில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தியும் கொசுவத்தியும் சேர்ந்து புகைந்த அறையில் மாஷிமா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "செலே எலோ?" என்று கேட்டார். பையன் வந்தானா?

மறுநாள் அம்மா ஒரு தோழியிடம் விசாரித்துவந்து, தனக்குத் தெரிந்த வங்காள மொழியில் சொன்னாள்: "வந்துட்டானாம் மாஷிமா. சேர்ந்து சாப்பிட்டாங்களாம்."

நேற்று மகள் பார்த்தது அதே கதைதான். கதவைத் தட்டியவர்கள் வீட்டை வாங்க வந்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தத் தாய் தெரியவேயில்லை. அவள் இறந்து பல வருடமாகியிருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு அப்பவே தெரியுமாம்மா?"

"தெரியும்டி. அவங்க முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? வந்தவன் என்ன சாப்பிட்டான்னு வேற கேட்டாங்க. லுச்சிப் பூரின்னு சொல்லிட்டேன்."

அம்மாவே தொடர்ந்தாள்.

"அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் கீழேயிருந்து லுச்சி பொரிக்கிற வாசனை வரும். நான் ஜன்னலைச் சாத்திடுவேன்."