என் முகத்துக்குப் பின்னால்

சிறுமலை அடிவாரச் சோதனைச்சாவடியில் ஒரு வனக்காவலர் இருந்தார். நரைத்த மீசை, முழங்காலில் துணிக்கட்டு. மலையிலிருந்து இறங்குகிறவர்களிடம் செல்போனைக் கேட்டு வாங்கி, எடுத்த படங்களை நிதானமாகப் பார்ப்பார்.

"முட்டி தேஞ்சு போச்சு சார், மேல ஏற முடியல. காட்டை இப்ப ஒங்க போன்லதான் பாக்குறேன்" என்றார்.

என் செல்ஃபியில் என் முகத்தை விரலால் ஓரங்கட்டிவிட்டு, பின்னாலிருந்த புதரைப் பெரிதாக்கினார். அங்கே ஒரு காட்டுமாடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. படம் எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கொம்பு ஒடிஞ்சவ! ரெண்டு மாசமா யாரு படத்துலயும் காணோமேன்னு கெடந்தேன்."

நான் திரையை எட்டிப் பார்த்தேன். "பத்தடிகூட இருக்காதே! முட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் நிமிரவில்லை. இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரொம்ப மெலிஞ்சு போயிட்டாளே" என்றார்.