இறைவணக்கம் பாடிய சிறுமி

ராமநவமிப் பந்தலில் எங்கள் பாட்டு டீச்சரின் கச்சேரி. அதற்கு முன்னால் அவரிடம் கற்கும் குழந்தைகளில் ஒருத்தி இறைவணக்கம் பாடுவது வழக்கம். இந்த வருடம் பாடியது என் மகள். ஏழு வயது. நான் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர்க் கச்சேரிகளைப் பற்றி ஒரு தமிழ் மாத இதழில் விமர்சனம் எழுதுகிறவள் நான்.

"தொடக்கத்தில் ஒரு சிறுமி பாடிய இறைவணக்கம் சுருதி விலகாமல் இருந்தது" என்று ஒரே வரி எழுதினேன். அவள் என் மகள் என்று சொல்லவில்லை. சொந்தப் பிள்ளையைப் பற்றித் தம்பட்டம் அடிக்கக் கூடாதே என்ற கூச்சம். அந்த ஒரு வரியை மூன்று முறை அழித்து எழுதினேன். அடக்கமாக முடித்துவிட்டோம் என்று திருப்திகூடப் பட்டேன்.

இதழ் வந்த வாரம், அல்சூரில் டீச்சர் வீட்டு மாடிப்படியில் வகுப்பு முடியக் காத்திருந்தேன். மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படிச்சேன்க்கா. சூப்பரா எழுதியிருக்கீங்க. எங்க பாப்பாதான் பாடறதா இருந்துச்சு, தெரியுமா? ரெண்டு மாசமா வீட்ல அதே பாட்டுதான். அப்புறம் டீச்சர் கூப்ட்டு, 'அவங்கம்மா பத்திரிகைல எழுதறவங்க, இந்த தடவ அவ பாடட்டும், மனசுல வெச்சுக்கிட்டு பேஜார் பண்ணிக்காதீங்க'ன்னாங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"அய்யோ, நான் என்ன சண்டைக்கா வந்தேன்? எல்லா எடத்துலயும் நடக்கறதுதானே. அடுத்த தடவ எங்க பாப்பா பாடினா அவளுக்கும் ஒரு வரி போட்டுடுங்க, அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கைப்பேசியில் என் விமர்சனத்தைத் திறந்தேன். அன்று கச்சேரியில் மேல் ஸ்தாயியில் இரண்டு இடங்களில் டீச்சரின் குரல் தடுமாறியது. நோட்டில் குறித்திருந்தேன். விமர்சனத்தில் அது இல்லை. இடம் போதாமல் விட்டதாகத்தான் அதுவரை நம்பியிருந்தேன். இப்போது எனக்கே நிச்சயமில்லை.

வகுப்பு முடிந்ததும் உள்ளே போய், அடுத்த இதழில் உண்மையைச் சொல்லி ஒரு குறிப்பு போடப்போகிறேன் என்றேன். டீச்சரின் முகம் மாறியது.

"உங்களுக்கு ஒரு மரியாதை பண்ணலாம்னுதானேம்மா செஞ்சேன். இப்ப குறிப்பு போட்டா, நான் பாடிப் பேர் வாங்கல, உங்க குழந்தைய பாட வெச்சுதான் வாங்கினேன்னு ஆயிடாதா?"

என் மகள் அவர் பக்கத்தில் தம்புராப் பெட்டியின் ஒலியைக் கூட்டிக் குறைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க இந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருப்பவள். இனிமேல் அவளை அனுப்ப வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டால்?

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் குழம்பினேன். பிறகுதான் எடிட்டரைக் கூப்பிட்டேன்.

"இதுக்கெல்லாம் குறிப்பு போட ஆரம்பிச்சா, பத்திரிகைல குறிப்பு மட்டும்தாம்மா மிஞ்சும்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் என்னைக் குத்தியது. கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன். குறிப்பு மூன்று வரி. கச்சேரி செய்தவர் என் மகளின் ஆசிரியர். இறைவணக்கம் பாடியவள் என் மகள். முதலிலேயே சொல்லாதது என் தவறு, இனி இந்த ஆசிரியரைப் பற்றியோ அவருடைய மாணவர்களைப் பற்றியோ எழுத மாட்டேன்.

டீச்சர் என் மகளை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து 'வாங்க' என்று சொல்வதைத்தான் நிறுத்திவிட்டார்.

அந்த இதழ் வந்த சனிக்கிழமையும் அதே படியில் காத்திருந்தேன். அந்தத் தாய் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

"என்னக்கா நீங்க? எங்க பாப்பாவுக்கு ஒரு வரி கேட்டேன். நீங்க உங்க பாப்பாவுக்கே இன்னும் மூணு வரி போட்டுக்கிட்டீங்க."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. உள்ளே அவர் மகள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். நன்றாகவே பாடினாள். அதை நான் எங்கும் எழுத முடியாது.