ஓர் உருண்டைக் களி

வடக்கே படிக்கப் போன நான்கு மாதங்களில், எந்த உணவும் என் வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இதை அறிந்தால் அம்மா மறுபடி அனுப்பமாட்டாள். விடுமுறைக்குப் புத்தூர் திரும்பும் வழியில், ரயிலிறங்கி பஸ் ஏறுமுன், அந்தப் பயத்தோடுதான் ரேணிகுண்டா ஸ்டேஷன் எதிரிலிருந்த மெஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பரிமாறிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தார். இலையைப் பார்க்காமல் உண்பவர் முகத்தைப் பார்த்தே பரிமாறினார். நான் சோற்றைத் தொடாததைக் கண்டு, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தார். அது மெஸ்ஸில் விற்கும் உணவல்ல.

ஒரு வாய் எடுத்து மென்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“ஏம்மா, சப்பாத்தி துன்னு துன்னு களியக்கூட மெல்றியே! முழுங்கு.”

விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. சற்றுக் காத்திருந்தேன், வயிறு அமைதியாக இருந்தது. உருண்டை முழுவதையும் முடித்தேன்.

“அக்கா, இது உங்களுக்கு வச்சிருந்ததா?”

“நான் வூட்டுக்குப் போய் ஆக்கித் துன்னுக்குவேன். நீ போய் உங்கம்மாகிட்ட பசிக்குதுன்னு சொல்லு, போ.”

அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால், பஸ் புத்தூரை எட்டுவதற்குள் எனக்கு உண்மையிலேயே பசித்தது.